குடும்ப வருமானம் என்ற கட்டத்துக்குள் மறைந்துபோவது

வறுமை, வீட்டுவசதி தொடர்பான ஆய்வுகளுக்கு நேர்காணல் எடுப்பது என் வேலை. கேள்வித்தாளில் குடும்ப வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆய்வுகளில்தான் அதைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். வாடகை பாக்கி ஏன் விழுந்தது என்று கேட்டால் போதும், பேச்சு அங்கே போய் நின்றுவிடும்.

வாடகை உதவி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சந்தித்தேன். குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம். அந்த வருமானம் முழுவதும் கணவருடையது. “அவருக்கு எவ்வளவு சம்பளம் என்று அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்” என்றார். காகிதத்தில் அவர் ஏழை இல்லை. கையில் பஸ்ஸுக்குக் காசு இல்லை.

திட்டம் போடுபவர்களுக்குக் குடும்பம் என்பது ஒற்றை ஆள். பிரிட்டனில் 2013இல் தொடங்கிய யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையையே பாருங்கள்: தம்பதிக்கான தொகை பொதுவாக ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கேட்ட விஷயம் கணவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மாறாக, வடக்கு ஈக்வடாரில் பணமாகவும் கூப்பனாகவும் உணவாகவும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே உதவியைக் கொடுத்துப் பார்த்த சோதனையில், துணைவரின் அடிதடியும் அடக்குமுறையும் குறைந்தன. அதற்காகப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அதைப் பிடுங்கிக்கொள்ளவே அடி விழுந்த கதைகளும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

இன்னொரு பெண்ணிடம் வீட்டு உரிமையாளர், “இன்னொரு முறை போலீஸ் வந்தால் காலி செய்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பெண் போலீஸை அழைக்கவே இல்லை. பதிவேட்டைப் பார்ப்பவர் அந்த வீட்டில் அமைதி திரும்பிவிட்டது என்றுதான் எழுதுவார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இதற்குச் சட்டமே உண்டு. ஒரே முகவரியிலிருந்து அடிக்கடி போலீஸுக்கு அழைப்பு போனால் வீட்டு உரிமையாளருக்கு அபராதம். மில்வாக்கி நகரத்தில் இந்தச் சட்டப்படி உரிமையாளர்களுக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸ்களை ஆராய்ந்த கட்டுரை 2013இல் வெளிவந்தது. குடும்ப வன்முறைக்காக உதவி கேட்ட அழைப்புகள் அவற்றில் கணிசமாக இருந்தன. உரிமையாளர்கள் பலர் கண்ட தீர்வு, வாடகைக்கு இருந்தவரை வெளியேற்றுவது.

நல்ல சட்டங்களும் இருக்கின்றன. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு, வன்முறையால் வீடிழந்தவருக்கு வீட்டு உதவியில் முன்னுரிமை தரவேண்டும். இருந்தும் நான் சந்தித்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒன்றுதான்: “சட்டம் சரி, இன்றிரவு எங்கே படுப்பது?”

புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுக்கு: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறைகளை அவசியம் படியுங்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே வன்முறை பற்றிக் கேட்க வேண்டும், தனிமையில் கேட்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசி பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன்.

அடுத்த ஆய்வுக்கு இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொன்னேன்: வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், உதவித்தொகை யார் கைக்கு வருகிறது. கேள்வித்தாள் நீண்டுவிட்டது என்று இரண்டாவதை வெட்டிவிட்டார்கள். இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.