மறு: 'இன்டரிம் எக்ஸிக்யூட்டிவ் போர்டு' – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை இன்றுதான் முழுவதும் படித்தேன். கேட்டவரின் தேவை தெளிவாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் ஆளுநர்களை (பள்ளியை மேற்பார்க்கும் குழுவின் உறுப்பினர்களை) விலக்கிவிட்டு, கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி அமைப்பு, வேறு ஆட்களை அமர்த்தப்போகிறது. அப்படி அமரும் குழுவுக்குத்தான் 'இன்டரிம் எக்ஸிக்யூட்டிவ் போர்டு' என்று பெயர். தமிழ்ப் பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். படிப்பவர்களில் யாழ்ப்பாணத்தாரும் உண்டு, மதுரைக்காரரும் உண்டு. அகராதியில் அழகாக இருந்தால் மட்டும் போதாது, இரு கரைக்கும் புரிய வேண்டும்.

> இடைக்காலச் செயற்குழு என்று வைத்துவிட்டால் என்ன? நேரடியாக இருக்கிறதே.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். நம் காதில் செயற்குழு என்று விழுந்ததும் மனம் பொதுக்குழுவைத் தேடும். கட்சியானாலும் சங்கமானாலும் பொதுக்குழு பெரியது, செயற்குழு அதற்குள் அடங்கியது. அப்படியானால் 'பெரிய குழு அப்படியே இருக்கிறது, அதற்குள் சிலர் வேலையைக் கவனிக்கிறார்கள்' என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். நடப்பதோ வேறு. பழைய உறுப்பினர்கள் அத்தனை பேரும் பதவி இழக்கிறார்கள். பெற்றோர் வாக்களித்து அனுப்பியவர்களும் அதில் அடக்கம். வழக்கமான குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் குறைந்தது இருவர் பெற்றோர் பிரதிநிதிகள். புதிதாக வரும் குழுவில் எல்லோரும் நியமனம்தான். குறைந்தது இரண்டு பேர் இருந்தாலே போதும் என்கிறது சட்டம். கடிதத்தைப் படிக்கும் அம்மா முதலில் கேட்கப்போவது 'நாங்கள் தேர்ந்தெடுத்தவர் என்ன ஆனார்?' என்றுதான். செயற்குழு என்ற சொல் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

> 'எக்ஸிக்யூட்டிவ்' என்பதை விட்டுவிட முடியாதே. நிர்வாகக் குழு என்றாவது சொல்லுங்கள்.

விட்டுவிடலாம் என்பதே என் கட்சி. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த ஏற்பாடு 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் முதலில் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006ஆம் ஆண்டின் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டம். அதில் 65ஆம் பிரிவு கவுன்சிலுக்கும், 69ஆம் பிரிவு கல்வி அமைச்சருக்கும் அதிகாரம் தருகின்றன. விவரமெல்லாம் 6ஆம் அட்டவணையில். அங்கே வாசகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்: பள்ளியின் ஆளுகைக் குழு 'இடைக்கால எக்ஸிக்யூட்டிவ் உறுப்பினர்களைக் கொண்டதாக' அமையும் என்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் குழு சாகவில்லை. குழு அதேதான், உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் வேறு. பழைய குழுவின் கடமைகளும் பொறுப்புகளும் அப்படியே இவர்கள் கைக்கு வருகின்றன. வகுப்பெடுப்பது, கால அட்டவணை போடுவது, ஆசிரியரை வேலை வாங்குவது எல்லாம் முன்போலவே தலைமை ஆசிரியர் பாடு. நிர்வாகக் குழு என்றால் அலுவலக வேலையையே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற பொருள் வந்துவிடும். 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற ஒட்டு ஆங்கிலத்திலேயே பெரிதாக எதையும் விளக்கவில்லை. சின்னக் குழு, சட்டுபுட்டென்று முடிவெடுக்கும், அவ்வளவுதான். அதைத் தமிழுக்கும் சுமந்துவர வேண்டுமா?

சுமந்தாலும் எந்தச் சொல்லில் சுமப்பது? தமிழ்நாட்டில் 'எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர்' செயல் அலுவலர் ஆகிறார், பேரூராட்சியிலும் கோயிலிலும். இலங்கையில் அதே சொல் 'நிறைவேற்று'. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி என்று எழுதுகிறார்கள். 'இடைக்கால நிறைவேற்றுச் சபை' என்றால் மதுரைக்காரர் எதை நிறைவேற்றுகிறார்கள் என்று கேட்பார். 'இடைக்காலச் செயல் வாரியம்' என்றால் யாழ்ப்பாணத்தார் மின்சார வாரியத்தின் கிளையா என்பார்.

> தனி அலுவலர் போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல் போனபோது தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர்கள்தானே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர் ஒற்றை ஆள், அதோடு அரசு ஊழியர். இங்கே வருவது குழு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணக்குத் தெரிந்தவர், வேறு பள்ளியை நடத்திப் பழகியவர் என்று யாரும் இருக்கலாம். பழைய ஆளுநர் ஒருவரையே மறுபடி உறுப்பினராகப் போடவும் தடையில்லை. இன்னொன்று: வழக்கமான ஆளுநர்கள் ஊதியம் வாங்காமல் தொண்டாக வேலை செய்பவர்கள். இந்த இடைக்கால உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தனி அலுவலர் என்ற சொல்லில் இதெல்லாம் ஏறாது.

யாரோ ஒருவர் 'தக்கார்' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். அறங்காவலர் குழு இல்லாத கோயிலில் அதன் இடத்தில் அமர்த்தப்படுபவரை அறநிலையத் துறை தக்கார் என்றுதான் சொல்கிறது. ஒரு குழுவின் இடத்தில், அதன் அதிகாரத்தோடு, மறுபடி முறையான குழு அமையும் வரை இருப்பவர். இதைவிட நெருங்கிய உறவு வேறு சொல்லுக்கு இல்லை. 'தக்கார் குழு' என்று நானே இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். ஆனால் கோயில் வாசனை போகமாட்டேன் என்கிறது. இலங்கையிலிருந்து வந்தவருக்கோ அந்தப் பின்னணியே கிடையாது. 'தகுதியானவர்கள் குழு' என்று பிரித்துப் படித்தால், போனவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று கடிதமே திட்டுவதுபோல் ஆகிவிடும். வருத்தத்தோடுதான் ஒதுக்குகிறேன்.

ஆக என் முன்வைப்பு: இடைக்கால ஆளுகைக் குழு.

இடைக்கால என்பது இடைக்காலத் தடை, இடைக்கால நிதிநிலை அறிக்கை வழியாக எல்லோருக்கும் பழகியது. (வரலாறு படித்தவர்கள் சோழர் காலம் நினைவுக்கு வருகிறது என்பார்கள். பொறுத்துக்கொள்ளட்டும்.) 'தற்காலிக' என்று போட்டால் நாளைக்கே போய்விடுவார்கள் என்ற தொனி வரும். இங்கே கதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நடக்கிறது. இந்தப் பக்கம் விலக்கப்பட்ட குழு, அந்தப் பக்கம் மறுபடி அமையப்போகும் வழக்கமான குழு. அந்த 'இடை' முக்கியம்.

'கவர்னன்ஸ்' என்பதற்கு ஆளுகையா, ஆளுமையா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். மின் ஆளுமை என்று அரசு முகமைக்கே பெயர் இருக்கிறது, தெரியும். ஆனால் 'பள்ளி ஆளுமைக் குழு' என்றால் ஆளுமை வளர்ச்சி வகுப்புபோல இருக்கிறது. ஆட்சிக்குழு என்பதைப் பல்கலைக்கழகங்கள் 'சிண்டிகேட்'டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன.

சரி, அப்புறம் வினைச்சொல். செய்தித்தாள் பழக்கத்தில் 'குழு கலைக்கப்பட்டது' என்று எழுதக் கை போகும். மேலே சொன்ன காரணத்தால் அது பிழை. கலைத்தால் குழுவே இல்லை என்றாகும். 'உறுப்பினர்கள் விலக்கப்பட்டு, அவர்களுக்குப் பதிலாக' என்று எழுதினால் சட்டத்துக்கும் பொருந்தும், படிக்கவும் எளிது.

இழையில் கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பெஷல் மெஷர்ஸ்' (ஆய்வாளர்கள் தரம் போதாது என்று கண்ட பள்ளியை வைக்கும் நிலை) – சிறப்பு நடவடிக்கை நிலை. 'எலிஜிபிள் ஃபார் இன்டர்வென்ஷன்' – தலையீட்டுக்கு உள்ளான என்று எழுதாதீர்கள், இன்னும் தலையிடவில்லை; தலையீட்டுக்கு உரிய பள்ளி. 2016ஆம் ஆண்டின் கல்வி மற்றும் தத்தெடுப்புச் சட்டம் கொண்டுவந்த 'கோஸ்டிங்' பள்ளிக்குத் தேங்கிய பள்ளி என்று ஒருவர் சொன்னது அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விழவும் இல்லை, ஏறவும் இல்லை. 'அண்டர்பெர்ஃபார்மிங்' என்பதற்குப் பின்தங்கிய என்று போட்டால் நமக்குப் பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய வகுப்பு என்று வேறெங்கோ போய்விடுகிறது. எதிர்பார்த்த தரத்தை எட்டாத பள்ளி என்று விரித்தே எழுதுவோம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

இடைக்காலக் குழு போகும் முன், அடுத்து வரப்போகிறவர்கள் பக்கத்திலிருந்து பழகிக்கொள்ள ஒரு 'ஷேடோ' குழு அமைப்பார்கள். அதற்கு நிழல் ஆளுகைக் குழு. ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடும் கட்சியைப் பார்த்த நமக்கு இதில் சிரமம் இருக்காது.

எனக்குத் தீராத ஒன்று 'ஸ்கூல் கவர்னர்'. இந்த மடலிலேயே நான் ஆளுநர் என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு அது மாநில ஆளுநர். ஆளுகையர் என்றால் செயற்கையாக இருக்கிறது. கடிதத்தில் இப்போதைக்கு 'ஆளுகைக் குழு உறுப்பினர்' என்று நீட்டியே எழுதச் சொல்வேன். வேறு நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கடிதத்துக்கு என் வரைவு:

'பள்ளியின் ஆளுகைக் குழுவில் இப்போதுள்ள உறுப்பினர்கள் அனைவரும் விலக்கப்பட்டு, அவர்களுக்குப் பதிலாகக் கவுன்சில் நியமிக்கும் இடைக்கால ஆளுகைக் குழு பொறுப்பேற்கும். பெற்றோர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் பதவியும் இதனுடன் முடிவடைகிறது. கல்வி அமைச்சரின் ஒப்புதலுடன் இந்த மாற்றம் செய்யப்படுகிறது.'

'கவுன்சில்' என்பதை உள்ளாட்சி என்பதா, உள்ளூராட்சி மன்றம் என்பதா என்று இரு கரைக்காரர்களும் பேசி முடிவு செய்யுங்கள். அங்கே வாழ்பவர்கள் கவுன்சில் என்றுதான் பேசுகிறார்கள் என்பதால் நான் அப்படியே விட்டிருக்கிறேன்.