பழைய கன்குவெஸ்டின் பின்சக்கர வளைவில் துரு: பட்டி போதுமா, வெட்ட வேண்டுமா?

கேள்வி (மெரபேங்க், டர்பன்):
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 1992 மாடல் டொயோட்டா கன்குவெஸ்டில் இடப்பக்கப் பின்சக்கர வளைவின் ஓரமாகப் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவின் அடிவிளிம்பிலும் பழுப்புக் கறை படர்ந்துள்ளது. வண்டி கடற்காற்று நேராக அடிக்கும் தெருவில், வெளியில்தான் நிற்கிறது. ஒரு பேனல் பீட்டர் (வண்டித் தகடு சரிசெய்பவர்), தேய்த்துப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். இன்னொருவரோ வளைவை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டுமென்று பன்மடங்கு கூலி கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இவற்றில் எதையாவது நானே செய்ய முடியுமா?

பதில் (சாட்ஸ்வொர்த்):
தம்பி, அந்த இடத்தில் கொப்பளம் வெளியே தெரிகிறதென்றால், துரு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வந்திருக்கும். வெளித்தகடும் உள்தகடும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேறும் உப்பும் அந்த இடுக்கில் தங்கி ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். இரும்பு துருவாகும்போது பருமன் பெருகுவதால், பெயின்டை அதுவே தள்ளித் தூக்குகிறது. எனவே சக்கரத்தைக் கழற்றி, வளைவின் உட்புறத்தைக் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு உறுதியாக நின்றால் முதலாமவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. முனை உள்ளே இறங்கினால் வெட்டத்தான் வேண்டும். ஓட்டையை மூடிய பட்டி பின்பக்கத்து ஈரத்தை உறிஞ்சும்; அடுத்த கோடை மழையில் கொப்பளம் மறுபடி எழும்பும். பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்ளிருக்கும் கார்ப்பெட்டையும் தார்ப்பூச்சையும் அகற்றச் சொல்லுங்கள். இரண்டும் எளிதில் தீப்பற்றும்.

பதில் (ஃபீனிக்ஸ்):
அண்ணன் சொன்னது வளைவுக்குப் பொருந்தும். கதவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதலில் கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற வேறு வழியில்லை. பிறகு 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். குழிகளில் மிஞ்சும் கருப்புப் புள்ளிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவுங்கள். அமிலம் எஞ்சியிருந்தால் எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதால், டப்பாவில் எழுதியுள்ளபடி கழுவி, முழுதும் உலரவிட்ட பின்னரே பிரைமர் அடியுங்கள். பட்டி வேண்டுமானால் அதன் மேல்தான். ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் பெயின்ட்டைத் தகுந்த முகக்கவசமின்றி அடிக்கவே கூடாது. கதவு அரித்துப்போயிருந்தால் ஸ்க்ராப் யார்டில் தேடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஓடிய வண்டியின் கதவு கிடைத்தால் விடாதீர்கள், அங்கே உப்புக்காற்று கிடையாது.

பதில் (டொங்காட்):
வளைவோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னால் கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டியையும் ஜாக் வைக்கும் இடத்தையும் குத்திப் பாருங்கள். வண்டியின் எடையைத் தாங்கும் பாகங்கள் அவை. அங்கே அரிப்பு இருந்தால், பிற்காலத்தில் வண்டியைக் கைமாற்றும்போது ரோட்வொர்த்தி சோதனையில் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது) தடை வரும். வேலை முடிந்ததும் படிப்பெட்டி போன்ற மூடிய இடங்களுக்குள் துரு தடுக்கும் மெழுகு தெளித்துவிடச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வளைவு படிப்பெட்டியைத் தொடும் மூலையில் ஸ்க்ரூடிரைவர் எளிதாக இறங்கிவிட்டது. ஆகவே அதை வெட்டும் பட்டறையிடமே விடுகிறேன். கதவுத் துளையைத் திறந்ததும் கருப்புத் தண்ணீர் கொட்டியது, ஆனால் தகடு உறுதியாகவே இருக்கிறது. மழையில்லாத நாளாகப் பார்த்து உப்புத்தாள் வேலையைத் தொடங்குகிறேன்.