அமெரிக்காவில் ரெக்ரியேஷனல் தெரபிஸ்ட் வேலை: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஊர்ல உளவியல் படிச்சேன். ஆஸ்பத்திரிகள்ல ரெக்ரியேஷனல் தெரபிஸ்ட் வேலை, அதாவது நோயாளிக்குப் பிடிச்ச விளையாட்டு, பாட்டு மாதிரி விஷயங்களை வச்சே சிகிச்சை கொடுக்கிற வேலை, இருக்கறதைப் பார்த்தேன். நேரா அப்ளை பண்ணலாமா அக்கா?

பதில்: அவசரப்படாதீங்கம்மா. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் சி.டி.ஆர்.எஸ்.ங்கிற, இந்தத் துறைக்கான சான்றிதழ் கேட்பாங்க. அதைக் கொடுக்கிறது என்.சி.டி.ஆர்.சி. என்கிற தேசிய அமைப்பு. வழக்கமா இந்தத் துறையிலேயே பட்டம் வேணும். சி.டி.ஆர்.எஸ். வச்சிருக்கிற ஒருத்தர் மேற்பார்வையில தொடர்ந்து 14 வாரம், குறைஞ்சது 560 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்யணும். அப்புறம் பரீட்சை. வேற பட்டம் படிச்சவங்களுக்கு, சில பாடங்களும் வேலை அனுபவமும் சேர்த்து வர்ற வழியும் உண்டு. எந்த வழியா வந்தாலும் முதல் வேலை உங்க மார்க் ஷீட்டை மதிப்பீட்டுக்கு அனுப்புறதுதான். எந்தப் பாடம் குறையுதுன்னு தெரியாம காலேஜுக்குப் பணம் கட்டிடாதீங்க. நார்த் கரோலினா, யூட்டா, நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி சில மாநிலங்கள்ல மாநில லைசென்ஸும் தனியா வாங்கணும்.

இதையெல்லாம் விட முக்கியமா ஒண்ணு சொல்லணும். நோயாளிகளுக்குப் பொழுதுபோக்குக் காட்டுற வேலைன்னு நினைச்சு இதுக்குள்ள வராதீங்க. பக்கவாதம் வந்த ஒரு அம்மாவுக்கு இடது பக்கம் இருக்கறதே மனசுல பதியலைன்னு வச்சுக்குங்க. தட்டுல இடது பாதி சாப்பாடு அப்படியே இருக்கும். அவங்களுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும்னா, சீட்டுக்கட்டை வேணும்னே இடது பக்கம் வைப்போம். ஒவ்வொரு சீட்டு எடுக்கவும் தலையைத் திருப்பியாகணும். பார்க்கிறவங்களுக்கு அது விளையாட்டு, நமக்கு அது சிகிச்சை. அன்னிக்குக் குறிப்புல "நல்லா விளையாடினாங்க"ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்லை. "20 நிமிஷத்துல 10 தடவை இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது, 6 தடவை தானா திரும்பினாங்க, 4 தடவை சொல்ல வேண்டியிருந்தது"ன்னு எழுதணும். அடுத்த வாரம் அந்த 6 எட்டாகுதான்னு டீமே பார்க்கும். நம்மாளுங்க பலர் அன்பா பழகுறதுல கெட்டிக்காரங்க, எழுதுறதுலதான் பின்தங்கிடறாங்க. முதல் நாள்லேர்ந்தே சார்ட்டிங்கை, அதாவது இப்படிக் குறிப்பு எழுதுறதை, கத்துக்குங்க.

அப்புறம், இங்க உள்ளவங்க எதுல மனசு வைக்கிறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். பேஸ்பால், மீன்பிடிக்கிறது, சர்ச் பாட்டு எதுவா இருந்தாலும் அது அவங்க வாழ்க்கை. வெட்கப்படாம அவங்ககிட்டயே சொல்லித்தரச் சொல்லுங்க. சொல்லிக்கொடுக்கிற இடத்துல உட்கார்ந்ததும் அதுவரைக்கும் வாயே திறக்காதவங்க பேச ஆரம்பிக்கிறதைப் பார்த்திருக்கேன்.

வேலை அனுமதி இருந்தா, முதியோர் பராமரிப்பு இல்லங்கள்ல ஆக்டிவிட்டி அசிஸ்டென்ட்டா, அதாவது அங்க இருக்கிறவங்களுக்கு விளையாட்டு, பாட்டு மாதிரி நிகழ்ச்சிகள் நடத்த உதவுறவங்களா, ஆரம்பிக்கலாம். மெடிகேர், மெடிகெய்ட்ங்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்குற இல்லங்கள்ல தகுதியுள்ள ஒருத்தர் பொறுப்புல இந்த நிகழ்ச்சிகள் நடந்தாகணும்னு மத்திய விதியே இருக்கு. அதனால ஆள் தேவை இருந்துட்டே இருக்கும். சம்பளம் குறைவுதான், ஆனா வேலை உங்களுக்கு ஒத்துவருமான்னு அங்க தெரிஞ்சுடும்.

கேள்வி: நான் எச்-4ல, அதாவது கணவரோட வேலை விசாவைச் சார்ந்த விசாவுல, இருக்கேன். இ.ஏ.டி.ங்கிற வேலை அனுமதி அட்டை இன்னும் வரலை. சம்பளமே வேண்டாம்னு சொல்லிச் சேர்ந்துக்கலாமா?

பதில்: கூடாதும்மா. மத்தவங்க சம்பளத்துக்குச் செய்யற வேலையை நீங்க சும்மா செஞ்சாலும் சிக்கல் வரலாம். எல்லாருமே தன்னார்வலரா வர்ற ஆஸ்பத்திரி வாலண்டியர் திட்டம்னா தாராளமா சேருங்க. எச்-4ல காலேஜ் படிக்கத் தடையில்லை. அதனால குறையுற பாடங்களை இப்பவே முடிச்சுக்கலாம். இன்டர்ன்ஷிப்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு குடியேற்ற வக்கீலைக் கேட்டுடுங்க.