தனித்த குரலும் விடாத பாவனையும் உள்ள நடிகர்: எடுக்கலாமா?

வெண்திரை:
குறும்படம் ஒன்றில் சந்தேகப் புத்தியுள்ள கணவன் வேடம். அதற்கு மனதில் இருக்கும் நடிகருக்குக் கனத்த அடிக்குரல். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார், கடைசிச் சொல்லை இழுப்பார், பேசும்போது இரண்டு விரலால் நெற்றியைத் தொடுவார். எந்த வேடம் கொடுத்தாலும் இந்த மூன்றும் வந்துவிடுகின்றன. பார்ப்பவர்களுக்கு உடனே ரகுவரன் ஞாபகம் வருகிறது. இது வேடத்துக்குக் கைகொடுக்குமா, இல்லை வேடத்தையே விழுங்கிவிடுமா? ஒத்துவராவிட்டால் டப்பிங்கில் வேறு குரல் போட்டுச் சமாளிக்க முடியுமா?

மதுரைவீதி:
குரல் கனமாக இருந்ததால் ரகுவரன் ஜெயித்தார் என்பது பாதி உண்மைதான். அவர் பேச்சில் வரும் அந்த நிறுத்தத்தை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் மூத்த மகன் சிதம்பரம். அங்கே அவர் நிறுத்தினால் உள்ளே ஏதோ கூட்டிக் கழிக்கிறார் என்று தெரியும். 'அஞ்சலி'யில் (1990) குழந்தை உயிரோடு இருப்பதை மனைவியிடம் மறைக்கும் அப்பா. அதே நிறுத்தம் இங்கே வாய்வரை வந்ததை விழுங்குவதாக ஆகிவிடுகிறது. 'முதல்வன்' (1999) பேட்டிக் காட்சியில் அது அதிகாரம். கேள்வி கேட்டவன் பதிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். கேள்விகள் நெருக்க நெருக்க இடைவெளி குறைகிறது. காக்கவைத்தவரே பதில் சொல்ல அவசரப்படும் நிலைக்கு வருகிறார். அந்தக் காட்சியின் தராசு சாய்வதே அங்கேதான்.

உங்கள் வேடத்துக்கு நெருக்கமானது 'புரியாத புதிர்' (1990). அதிலும் சந்தேகப்படும் கணவன்தான். 'ஐ நோ' என்ற இரண்டே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். சொல் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் சுருதியும் வேகமும் வேறு. சிரிப்பு, ஏளனம், மிரட்டல் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் வந்து போகின்றன. உங்கள் நடிகரிடம் பார்க்க வேண்டியது இதைத்தான். பழக்கம் இருக்கலாம். அந்தப் பழக்கம் காட்சிக்குக் காட்சி வேறு அர்த்தம் தருகிறதா? தந்தால் தயங்காமல் எடுங்கள்.

நாடகப்பிரியன்:
மதுரைவீதி சார், இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'பாஷா' (1995) மார்க் ஆண்டனிக்குப் பிறகு, அந்தக் குரல் கேட்டாலே வில்லன் என்று அரங்கம் முடிவுகட்டிவிடும். நல்ல மனிதராக வந்தால்கூட அதை நம்பவைக்க அவருக்குக் கூடுதலாகச் சில காட்சிகள் தேவைப்பட்டன. பெயர் பெற்ற நடிகருக்குக் குரல் தரும் சுமை இது. புதுமுகத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

எம்.ஆர். ராதாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ரத்தக்கண்ணீர்' (1954) மோகனசுந்தரத்தின் பேச்சில் கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் ஒரே வாக்கியத்துக்குள் மாறிமாறி வரும். மேடையில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்ற தேவையில் வளர்ந்த நடிப்பு அது. சினிமாவிலும் எடுபட்டதற்குக் காரணம், முற்பாதியில் திமிராகக் கேட்கும் அதே ஏற்ற இறக்கம் நோய் வந்த பிற்பாதியில் வலியாகவும் வெறுப்பாகவும் கேட்பதுதான். கதையே அந்தக் குரலை உடைத்துக் காட்டியது.

ரஜினிக்கு இயக்குநர் மகேந்திரன் செய்ததும் ஏறக்குறைய இதுவே. 'முள்ளும் மலரும்' (1978) காளியிடம் அந்த வேகமும் கையசைப்பும் அப்படியே இருக்கின்றன. அவற்றை ஸ்டைலாக விற்காமல் காளியின் முரட்டுக் கோபமாக ஆக்கினார். பிறகு ஒரு கை போகிறது. அந்த வேகம் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே முட்டுகிறது. என்னைக் கேட்டால், பாவனையுள்ள நடிகரை எப்படி இயக்குவது என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல பாடம் இல்லை. பழக்கத்தைத் தடை செய்யாமல் அதற்கு ஒரு தடங்கல் வையுங்கள்.

ஒலிக்கூடம்:
டப்பிங் கேள்விக்கு மட்டும் பதில். வேறு குரல் போடும் எண்ணம் இருந்தால் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எடுத்த பிறகு மாற்றினால் பெரும்பாலும் ஒட்டாது. ப, ம போன்ற உதடு மூடும் எழுத்துகளைப் பொருத்திவிடலாம், அது தொழில் தெரிந்தவர்களுக்குச் சிரமமில்லை. சிக்கல் மூச்சில் வரும். பாதியில் நிறுத்துபவர் அந்த இடத்தில் மூச்சை அடக்குவார். கழுத்தும் தோளும் திரையில் அதைக் காட்டும். புதுக் குரல் அந்த இடத்தில் வெறுமனே மௌனமாக இருந்தால் வசனம் மறந்தவர் போலத் தெரியும்.

இரவல் குரல் அழகாகப் பொருந்திய உதாரணங்களும் உண்டு. 'மௌனராகம்' (1986) மோகனுக்குப் பேசியவர் எஸ்.என். சுரேந்தர். 'அமராவதி'யில் (1993) அஜித்துக்குக் குரல் விக்ரம். மோகன், அஜித் இருவருமே அந்தப் படங்களில் அடக்கமாக, சீரான நடையில் பேசி நடித்தவர்கள். உங்கள் நடிகர் அந்த ரகம் இல்லை. மறுபக்கம் 'காவல்காரன்' (1967): துப்பாக்கிச் சூட்டில் தொண்டை பாதிக்கப்பட்ட எம்.ஜி.ஆர். தன் சொந்தக் குரலில்தான் பேசினார். மாற்றம் தெளிவாகவே கேட்கும். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். முகமும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தால் குறை பொறுக்கப்படும்.

இன்னொன்று. கனத்த குரலை மைக்குக்கு மிக அருகில் பதிவு செய்யாதீர்கள். ஒரு திசையில் கேட்கும் மைக்குகள் நெருங்க நெருங்க அடிச்சுருதியைத் தூக்கிக் காட்டும். ஏற்கெனவே கனமான குரல் குகைக்குள் பேசுவதுபோல் ஆகி, வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் மங்கும். ஒரு அடி தள்ளி வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். டப்பிங் செய்வதாக இருந்தாலும் படப்பிடிப்பில் பைலட் டிராக்கை (டப்பிங்குக்கு வழிகாட்டியாக அங்கேயே பதிவாகும் ஒலியை) சுத்தமாக எடுங்கள். அவருடைய நிறுத்தங்களை அவராலேயே மறுபடி அப்படியே செய்ய முடியாது.

வெண்திரை:
அப்படியானால் அவர் குரலையே வைத்துக்கொள்கிறேன். ஒத்திகையில் எதைக் கவனிக்க வேண்டும்?

மதுரைவீதி:
ஒரு பக்க வசனம் கொடுத்து மூன்று விதமாகப் பேசவிடுங்கள்: குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு, அவசரமாகக் கிளம்பிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டு. மொபைலில் ஒலியை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். மூன்றிலும் இழுவை ஒரே சொல்லில் விழுந்தால் அது கைவந்த பழக்கம், சிந்தனையிலிருந்து வருவதில்லை. அந்தச் சொல்லை வாக்கியத்தின் நடுவுக்கு மாற்றி எழுதுங்கள், இழுவை தானாக உடையும்.

கைக்கு வேலை கொடுங்கள். சட்டை மடிப்பது, பூட்டைப் பழுது பார்ப்பது எதுவானாலும் சரி, இரண்டு கையும் மாட்டிக்கொள்ள வேண்டும். "நெற்றியைத் தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நடிகர் கேமரா முன் தன்னையே கண்காணிக்க ஆரம்பித்துவிடுவார், நடிப்பு செத்துவிடும்.

எதிரில் நடிப்பவர் வேகமாகப் பேசக்கூடியவராக இருக்கட்டும். மெதுவாகப் பேசும் இருவரை ஒரே அறையில் வைத்தால் காட்சி படுத்துவிடும்.

நாடகப்பிரியன்:
அந்த நெற்றி தொடும் பாவனையைப் படம் முழுக்க ஒரே ஒரு இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் சந்தேகம் தலைதூக்கும் காட்சியில் வரட்டும். அப்போது குளோசப்பை அவருக்கு வைக்காமல், அதைக் கவனித்துவிட்ட மனைவிக்கு வையுங்கள்.