பையன் நீர்மூழ்கிக் கப்பலில் செய்லிங் (கடலுக்கு) போயிருக்கும்போது: அம்மாக்கள் பக்கம் கண்டதை எழுதுங்கள்

நெல்லைச்சீமை

2013 ஆகஸ்ட் 14 காலை. டிவியில் கீழே ஓடின வரியில் 'சிந்து' என்பது மட்டும்தான் ஒரு அக்கா கண்ணில் பட்டது. மீதியை விளம்பரம் மறைத்துவிட்டது. கையில் இருந்த பால் செம்பு அப்படியே வாசலில் உருண்டது. வெடித்தது சிந்துரக்ஷக் நீர்மூழ்கி, மும்பைத் துறைமுகத்தில், நள்ளிரவுக்கு மேல். 18 பேர் போனார்கள். அக்கா மகன் இருந்தது வேறு சிந்து. அது தெரிய மத்தியானம் ஆயிற்று.

ரஷ்யாவில் வாங்கின கிலோ வகை நீர்மூழ்கி, நாம் சொல்கிற போட், பத்துக்கும் முன்பாதி 'சிந்து'தான். கோஷ், த்வஜ், ராஜ், வீர், ரத்னா, கேசரி, கீர்த்தி, விஜய், ரக்ஷக், சாஸ்திரா. மனசில் பதிய வேண்டியது பின்பாதி. யார் பையன் எந்தப் போட் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே எந்தக் கரை என்றும் எழுதுங்கள், மும்பையா விசாகப்பட்டினமா என்று. மறு பிப்ரவரியில் சிந்துரத்னாவில் தீ என்று செய்தி வந்தபோது அதே அக்கா ரிமோட்டைத் தொடவில்லை, நோட்டைத்தான் எடுத்தார். அதில் ரத்னா என்று இருந்த ஒரே அம்மா வீட்டுக்கு ஆளை அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு 'உங்களுது இல்லை' என்று வரிசையாகப் போன் போட்டார்.

கிழக்குக் கரை

நோட்டு சரி. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்களே, அதை ஏன் எழுதவில்லை? போட் பெயரும் பையன் பெயரும் ஒரே படத்தில். காகிதத்தில் இருக்கிற வரைக்கும்தான் அது நோட்டு.

தேதி விஷயமும் அப்படித்தான். ஒரு அம்மா 'ஞாயிறு வர்றான்' என்று ஸ்டேட்டஸ் வைத்தார். அதே போட்டில் பிள்ளை இருக்கிற மற்ற வீடுகளிலும் ஞாயிறுக்குக் கறி எடுத்துவிட்டார்கள். போட் வரவில்லை. வேலை நீண்டால் நாள் தள்ளிப்போகும், வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். திங்கள் காலைக்குள் அத்தனை வீட்டிலும் அழுகை. ரகசியம் என்பது ஒரு காரணம்தான். குரூப்பில் விழுந்த தேதி வாக்குறுதி ஆகிவிடுகிறது, அது இன்னொரு காரணம். 'எப்ப வருவான்' என்று கேட்கிற அம்மாவுக்கு 'வந்ததும் அவனே கூப்பிடுவான்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

வள்ளியூர் பஸ்

விஜயநாராயணம் கம்பங்களை எல்லாரும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒரு பெரியம்மா மஞ்சள் பையோடு அந்த ஸ்டாப்பில் இறங்கி, 'கப்பலுக்குப் பேசுற ஆபீஸ் இதானே, என் பேரனுக்குத் தங்கச்சி சடங்குன்னு சொல்லணும்' என்று கேட்டார். காவலுக்கு நின்ற பையன் சிரிக்கவில்லை, தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினான்.

பெரியம்மா கேட்டது பாதி சரி. அந்தக் கம்பங்கள் இருக்கிற கடற்படை நிலையம், ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990 முதல் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பத்தான் இருக்கிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை, 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் உடனே செத்துவிடும், இது 10, 20 மீட்டர் வரை இறங்கும். ஆனால் ஒரு வழிப் பாதை. போட் கேட்கலாம், அதில் பதில் பேச முடியாது. நொடிக்குக் கொஞ்சம் எழுத்துதான் போகும், அதுவும் உத்தரவுக்கு. சடங்குச் சேதி ஏறாது.

பிரிட்டனில் ஏவுகணை நீர்மூழ்கிக்கு வீட்டிலிருந்து வாரம் 120 சொல் அனுப்பலாம், பதில் வராது. வீட்டில் சாவு விழுந்தால் உடனே சொல்லவா, கரைக்கு வந்தபின் சொல்லவா என்று கிளம்பும் முன்பே ஆளிடம் கேட்டு வைத்துக்கொள்வார்கள். நம் அம்மாக்களும் பையனிடம் அதைக் கேட்டு வைப்பது தப்பில்லை.

கடுகுப்பொடி

பார்சல் பற்றி யாரும் கேட்கவில்லை, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு மதினி கண்ணாடி பாட்டிலில் ஆவக்காய் அனுப்பி, அது வழியில் உடைந்து, பையனின் வெள்ளைச் சீருடை மேலேயே ஊற்றியது. அவ்வளவுதான் கதை.

போட்டுக்குள் போகிற எதுவும் டீசல் வாசம் பிடிக்கும். தட்டையோ முறுக்கோ ஒரே பெரிய கவரில் போட்டால், பிரித்த மறுநாள் மொத்தமும் டீசல் முறுக்கு. 100 கிராம் பாக்கெட்டாகக் கட்டுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று தீரணும். ஏற்கெனவே சுட்ட எண்ணெயில் சுடாதீர்கள், புது எண்ணெய்தான். சுட்டதும் கட்டினால் ஆவி நின்று நமுத்துவிடும், மூன்று மணி நேரம் தாளில் ஆறட்டும். தேங்காய் சேர்த்தது வேண்டாம், பத்து நாளில் சிக்கு வாடை. பருப்புப்பொடி நல்லது: பருப்பு சிவக்க வறுக்கணும், பூண்டு கூடாது, உப்பைத் தனியாக வறுத்துச் சேர்க்கணும், இல்லையென்றால் ஈரம் இழுத்துக் கட்டியாகும். தகர டப்பா கூடவே கூடாது. உள்ளே சத்தமே எழக்கூடாத நேரம் உண்டு, டப்பா உருண்டால் பையனுக்குத்தான் ஏச்சு. இடமும் கிடையாது, கிலோ போட்டில் ஐம்பது பேருக்கு மேல். மொத்தம் ஒரு கிலோவோடு நிறுத்துங்கள்.

பாளையங்கோட்டை அத்தை

முறுக்கு இருக்கட்டும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அணைத்து வைத்த மகன் நம்பருக்கே நாற்பது தடவை அடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் போன் கரையில் பெட்டிக்குள் கிடக்கிறது. பேஸில் (கடற்படைத் தளத்தில்) டியூட்டி அதிகாரியின் லேண்ட்லைன் நம்பரைக் கிளம்பும் முன்பே வாங்கிச் சுவரில் எழுதி வையுங்கள். கூப்பிட்டதும் இந்த வரிசையில் சொல்லணும்: பையனின் பர்சனல் நம்பர் (போன் நம்பர் இல்லை, கடற்படை கொடுத்த எண்), ரேங்க், முழுப்பெயர், போட்டின் முழுப்பெயர், நோயாளி என்ன உறவு, ஆஸ்பத்திரி, வார்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தது என்ன, திருப்பிக் கூப்பிட ஒரு நம்பர். அந்த அம்மா 'என் புள்ளைய அனுப்புங்க' என்று மட்டும் அழுதார். எதிர்முனையில் இருந்தவர் 'யாருடைய அம்மா?' என்று மூன்று தடவை கேட்டார்.

பணமும் அதே சிக்கல். மகன் கணக்கின் ஓடிபி அவன் போனுக்குத்தான் வரும். கிளம்பும் முன் இருவர் பெயரில் ஒரு கணக்கு, அம்மா நம்பரோடு.

கிழக்குக் கரை

பர்சனல் நம்பரையும் குரூப்பில் போடாதீர்கள். மேலே கடுகுப்பொடி அக்காவுக்கு: உப்பு வறுத்தாலும் விசாகப்பட்டினம் காற்றுக்குப் பொடி கட்டியாகும், பாக்கெட்டுக்குள் நாலு வறுத்த அரிசி போடுங்கள்.