ஏழு மாதிரி, ஆறு நாய், 41 சதவீதம்

சோதனைக்குழாய்: நேற்று இங்கே ஒருவர், "ஒரு குப்பி சிறுநீர் போதும், எந்தப் புற்றுநோயையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்" என்று அடித்துவிட்டிருந்தார். ஆதாரம் கேட்டால் சிறுநீரை மோந்து புற்றுநோயாளியுடையதைக் காட்டப் பழக்கிய நாய்களை வைத்து 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வாம். ஐயா, அந்த ஆறு நாய்களும் மொத்தம் 54 தடவையில் 22 தடவைதான் சரியாகக் காட்டின. 41 சதவீதம். இது கண்டுபிடிப்பா, கண்ணாமூச்சியா?

வெண்புறா: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக்கூட மனமில்லை, சரி. ஒவ்வொரு தடவையும் ஏழு மாதிரிகள். அதில் ஒன்றுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையது. குருட்டாம்போக்கில் தொட்டால் 14 சதவீதம். 41 அதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வகுத்தல் தெரியும்தானே?

சோதனைக்குழாய்: தெரியும். கழித்தலும் தெரியும். 54இல் 32ஐக் கோட்டைவிட்ட சோதனையை உங்கள் வீட்டாருக்குச் செய்வீர்களா?

கத்துக்குட்டி: ஆரம்பம் என்றால் எந்தக் கட்டம்? யாராவது சொல்லுங்களேன்.

வெண்புறா: நோயில்லாதவர் என்று சேர்த்த ஒருவரின் சிறுநீரை நாய்கள் திரும்பத் திரும்பக் காட்டின. அப்புறம் பார்த்தால் அவருக்குச் சிறுநீரகத்தில் புற்று. இதை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவீர்கள்! நாய் மோந்தது ஆவியாகும் சேர்மங்களை. இப்போது அதே வேலையை, மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்கிறது.

சோதனைக்குழாய்: அந்தக் கருவியோடு பதினோரு வருடமாக மாரடிப்பவனுக்கே பாடமா? முந்தின நாள் தின்றது, போட்ட மாத்திரை, பிடித்த சிகரெட் எல்லாமே அதில் தெரியும். 2009இல் நேச்சர் இதழில், சிறுநீரில் தெரியும் சார்கோசின் என்ற வேதிப்பொருளைப் பற்றி வந்தபோதும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு விடை கிடைத்ததென்று குதித்தீர்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஜப்பானில் 1980களிலிருந்து கைக்குழந்தைகளின் சிறுநீரில் வி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளைப் பார்த்து, நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் நரம்புத்திசுப் புற்றைத் தேடினார்கள். நிறையச் சிக்கின, பல தானே கரைந்துபோகும் கட்டிகள். சாவு குறையவில்லை என்று 2002இல் ஜெர்மனி, கனடாவின் கியூபெக் ஆய்வுகள் சொன்னபின் ஜப்பானும் நிறுத்திவிட்டது. அதுவாவது உண்மையான வேதியியல். உங்களுடையது நாய், 41.

ஈட்டிமுனை: கட்டி தானே கரையுமென்றால் மருத்துவர் எதற்கு? போன மாதம் என் பதிவை நீக்கச் சொன்ன ஆள்தானே நீங்கள்?

சோதனைக்குழாய்: கரைவது குழந்தைகளுக்கு வரும் அந்த வகையில், அதுவும் சிலருக்கு. நீக்கச் சொன்னது உங்கள் வசவை.

ஈட்டிமுனை: 'அரைகுறை' என்பது வசவா?

வெண்புறா: ஜப்பானும் வேண்டாம், ஜெர்மனியும் வேண்டாம். மூன்று மடங்கா, இல்லையா?

சோதனைக்குழாய்: 41.

கத்துக்குட்டி: எந்தக் கட்டம் என்று கேட்டிருந்தேன்...

ஈட்டிமுனை: தம்பி, வரிசையில் நில். 'அரைகுறை' வசவா இல்லையா, அதற்கு முதலில் பதில் வரட்டும்.