ஃபிரெஸ்கோ: ஈரச்சுவரா, ஈரச்சுதையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டும் ஓவியமான ஃபிரெஸ்கோவுக்குத் தமிழில் 'சுவரோவியம்' போதாதா, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள், ஐயா. போதாது என்பதே என் கட்சி. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் கெம்ப்ளி கிராமத்துத் தூய மரியாள் தேவாலயத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

சின்னக் கட்டடம்தான், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. மக்கள் கூடும் நடுக்கூடம், அதற்கு அப்பால் திருப்பீட அறை. அந்த அறையின் வளைகூரையில் வானவில்லின்மேல் அமர்ந்த கிறிஸ்து. சுற்றிலும் நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்கள், சூரியன், சந்திரன். கீழே பக்கத்துக்கு ஆறு பேராகத் திருத்தூதர்கள் தலை நிமிர்த்தி அவரையே பார்க்கிறார்கள். இவையெல்லாம் பூச்சு காயுமுன் தீட்டியவை. நடுக்கூடத்துக்கு வந்தால் வாழ்க்கைச் சக்கரம் முதலான பிற்காலப் படங்கள்; அவை காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வண்ணத்தால் வரைந்தவை. இரண்டுமே சுவரோவியம்தான். அப்புறம் ஒன்றிலிருந்து மற்றதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

வேறுபாடு வெறும் பெயரளவில் இல்லை. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, நீரில் மட்டும் குழைத்த காவிமண்ணைத் தீட்டுகிறார்கள். சாந்து காயக்காயச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். நிறத்துகள் அந்தப் படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். காய்ந்த பூச்சிலோ பசைதான் பிடிமானம். அது வலுவிழந்தால் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

கெம்ப்ளி ஓவியங்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. சமயச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மூடினார்கள். 1872இல் அந்த வெள்ளைக்குக் கீழே படங்கள் இருப்பது தெரிந்தது. காப்பாற்றுகிறோம் என்று அரக்கு வார்னிஷை மேலே பூச, அது கறுத்துப்போய், 1950களில் அதையும் நீக்க வேண்டியதாயிற்று. (பழஞ்சுவர்களுக்கு மழையைவிட நல்லெண்ணம் ஆபத்து போலிருக்கிறது.)

சரி, சொல்லுக்கு வருவோம்.

'ஈரச்சுவர் ஓவியம்' என்று அம்மா ஒருவர் முன்மொழிந்திருந்தார். பொருள் புரிகிறது, ஆனால் 'ஈரச்சுவர்' என்றதும் ஓதம் ஏறிய சுவர்தான் நினைவுக்கு வரும். சுவரில் ஈரம் ஏறுவது இந்த ஓவியங்களுக்குப் பகை. பகையின் பெயரையே சூட்ட வேண்டுமா? ஈரமாக இருப்பது மேற்பூச்சு மட்டும்தான்.

'பச்சைப்பூச்சு ஓவியம்' எனக்கு மிகவும் பிடித்தது. சுடாத செங்கலைப் பச்சைக்கல் என்கிறோமே, அந்தப் பச்சை. இத்தாலியச் சொல்லின் பொருளும் 'புதிது' என்பதுதான். ஆனாலும் படிப்பவர் பச்சை நிறம் எங்கே என்று தேடுவார். மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

ஆகவே 'ஈரச்சுதை ஓவியம்' என்று வைக்கலாம் என்கிறேன். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சுதைச் சிற்பத்தோடு குழம்பாதா என்றால், 'ஓவியம்' கூடவே வருவதால் குழம்பாது. இதில் இன்னொரு வசதி, இணைச்சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது: காய்ந்த பூச்சில் தீட்டும் செக்கோவுக்கு 'உலர்சுதை ஓவியம்'. கெம்ப்ளியில் திருப்பீட அறையில் ஈரச்சுதை, நடுக்கூடத்தில் உலர்சுதை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். 'சுவரோவியம்' இரண்டுக்கும் பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படியே இன்னொன்று. ஒரே நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சாந்து பூசுவார்கள். அந்தத் துண்டை இத்தாலியர் ஜொர்னாத்தா என்பார்கள். அதற்கு 'நாட்பூச்சு' சரிப்படுமா? அதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.